சூடத்தை நம்பிய ஜீவனாம்சம்

இங்கே, மலாய் நாட்டில், யாரும் கதவைத் தட்டுவதில்லை. கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுப் பலகாரம்கூட அப்படித்தான் வரும். பிரிந்த பிறகு என் கணவர் குமரனும் ஆறு வயது மகளுக்கு அப்பனாக இருந்தது அந்தப் பை வழியாகத்தான். மாதம் ஒரு பால்மாவு டின், இரண்டு பாக்கெட் பிஸ்கட். அம்பாங்கானில் நான் தைத்துச் சம்பாதிப்பது வாடகைக்கே சரி. பள்ளி பஸ்காரரிடம் பிஸ்கட்டையா நீட்டுவது?

புதுக்கோட்டையில் என்றால் அண்ணன்கள் நாலு பேரைக் கூட்டிப்போய்க் கேட்டிருப்பார்கள். இங்கே எனக்கு யார்? சுவா பக்கம் குமரன் பிறந்த எஸ்டேட்டின் கோயில் தலைவரிடம் போனேன். மாதம் ஐந்நூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், தருவதாக அம்மன் முன்னால் குமரன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். "எழுதி வாங்கிக்கம்மா" என்றார் தலைவர். சாமிக்கு முன்னால் காகிதமா என்று நான்தான் மறுத்தேன். மடச்சி. பணம் ஒரு மாதம்கூட வரவில்லை, பையும் நின்றுபோனது.

சிரம்பான் கோர்ட்டுக் கவுண்டரில் மலாய்க்காரப் பெண் ஒப்பந்தக் கடிதம் கேட்டாள். சூடம் அணைத்த கதையை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கடிதம் தீயில் எரிந்துவிட்டது என்று நினைத்து, பாவம், ஆறுதல் சொன்னாள். கடிதம் இல்லாமலும் மனுப் போடலாம் என்று படிவத்தைக் கொடுத்தாள். இதைத் தலைவரிடம் சொன்னேன். அன்று மாலையே குமரன் போன் செய்தார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

"கேஸு போடு லா. இந்த வருசம் ஒன் விசாவுக்கு நான் சைன் வைக்க வர மாட்டேன். நீ ஊருக்குப் போயிரு. புள்ள இந்த நாட்டுக்காரி, இங்கயே இருப்பா."

"அவ என்கிட்டதான இருக்கா?"

"விசா முடியட்டும். பாப்போம்."

ஊரிலிருந்து படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். என்னைப்போல் வாழ வந்தவளுக்குக் கணவன் குடிநுழைவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால்தான் இங்கே இருப்பு. தாலி கட்டியது ஒரு தடவை. கையெழுத்து வருடா வருடம்.

அன்றிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே மகளை உள்ளே இழுத்துக்கொள்கிறேன். விசா முடிய மூன்று வாரம் இருந்தது. அடங்கிப் போயிருக்கலாம். ஆனால் அடங்கினால் அவள் பசிக்கு யார் பதில் சொல்வது? மனுவைக் கொடுத்தேன்.

கவுண்டர் பெண் விசாரணைத் தேதியை எழுதித் தந்து, நேரில் வராவிட்டால் மனு தள்ளுபடியாகும் என்றாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் விசா முடிந்து எட்டாம் நாள். தலையாட்டினேன். கைப்பையில் மகளின் சிவப்புப் பாஸ்போர்ட்டும் என் நீலப் பாஸ்போர்ட்டும் ஒன்றாகக் கிடந்தன. அந்தத் தேதியில் இந்த நாட்டில் இருக்க உரிமையுள்ளது அவற்றில் ஒன்றுக்குத்தான்.