அப்பாவின் பன்னிரண்டு பாகம்

புது நைலான் கயிற்றுக்கு ஒரு வாடை உண்டு. இன்றைக்கும் ஏதாவது கடையில் அது மூக்கில் ஏறினால் நான் வெளியே வந்துவிடுவேன். தூத்துக்குடியில் கடலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா சங்கு குளிப்பவர். வல்லம் என்கிற மரப்படகில் ஓடும் கம்ப்ரசரின் காற்றுக்குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போய்ச் சங்கு பொறுக்கி வருவார். ஆழம் பார்க்க வல்லத்தில் ஒரு கயிறு கிடக்கும். நுனியில் ஈயக்குண்டு, ‘பாகத்துக்கு’ ஒன்றாகத் துணிக் கட்டு. இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி வரும் நீளம்தான் பாகம். குண்டு தரை தட்டும்போது பன்னிரண்டாவது துணியும் தண்ணீருக்குள் போய்விட்டால் அப்பா அந்த இடத்தில் இறங்கவே மாட்டார். அப்படி ஆழம் மீறி இறங்கிய ஒருவர் எங்கள் தெருவிலேயே இடுப்புக்குக் கீழ் அசைவில்லாமல் கட்டிலில் கிடந்தார். அவர் வீட்டை நாங்கள் ஓடித்தான் தாண்டுவோம்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது பழைய கயிறு அறுந்து கடலோடு போயிற்று. புதுக் கயிறு வாங்கி வந்த அன்று அப்பா எஞ்சினைப் பிரித்துப் போட்டுக் கையெல்லாம் கிரீசாக உட்கார்ந்திருந்தார். “ஏளா, நீதான் கணக்குல புலியாச்சே, பன்னெண்டு பாகம் அளந்து துணியக் கட்டிப் போடு பாப்போம்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கை பத்தாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. பாகம் என்றால் ஆறடி என்று எங்கேயோ படித்திருந்தேன். ஆறடி இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அந்தக் கொஞ்சத்தை யார் பார்க்கிறார்கள், முழு எண்ணாகவே இருக்கட்டும் என்று ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் மீட்டர் கோலை இரவல் வாங்கி, இரண்டிரண்டு கோலாக அளந்து, அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துப் பன்னிரண்டு கட்டுப் போட்டேன். “பாத்தியா, எம்மக கோலு வச்சுல்லா அளந்திருக்கா” என்று அப்பா அம்மாவிடம் பீற்றிக்கொண்டார்.

மறுநாள் அவர் கடலுக்குப் போனார், நான் பள்ளிக்கூடம் போனேன். அளவைகள் பாடம் நடத்திய டீச்சர் போகிற போக்கில், “கைய விரிச்சா வர்ற நீளம் ஏறக்குறைய அவங்கவங்க உயரந்தான்” என்றார். பிள்ளைகள் கையை விரித்து ஒருவர் மூக்கில் ஒருவர் இடித்துச் சிரித்தார்கள். எனக்கு அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. அப்பா குள்ளம், ஐந்தரை அடிகூட வராது, தெருவில் அவருக்குப் பெயரே ‘கட்டையன்’தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு பாகத்துக்கு ஓரடிக்கு மேல் கூடுதல், பன்னிரண்டுக்குப் பதின்மூன்று அடி. அப்பாவைப் போல இரண்டு பேர் ஒருவர் தலைமேல் ஒருவர் நின்றாலும் எட்டாத ஆழம் அது.

வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன். ஒரு வல்லம்கூடக் கண்ணில் படவில்லை. யாரிடமாவது சொன்னால் அது நடந்தே விடும் என்பது போல வாயை இறுக மூடிக்கொண்டு, மாதாவே மாதாவே என்று மனசுக்குள் அரற்றியபடி, கட்டிலில் கிடந்தவரின் குச்சிக் கால்களை நினைத்து நினைத்து மணலிலேயே நின்றிருந்தேன். அப்படி ஒரு பயத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை.

மூன்று மணிக்கு வல்லம் வந்தது. அப்பா நடந்தே இறங்கினார்! “என்னளா இங்கன நிக்க? இன்னைக்குச் சங்கு அள்ளிட்டோம்லா. தண்ணிதான் ஒரு மாதிரி கருக்கலா கெடந்துச்சு” என்றார். நான் ஓவென்று அழுதேன். வீட்டுக்கு வந்து, கொடியில் கிடந்த துண்டை எடுக்க இடது கையைத் தூக்கியவர், “யம்மா” என்று அலறி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பன்னிரண்டு துணியையும் அவிழ்த்து அடுப்பில் போட்டேன்.

அளவு மீறிய ஆழத்தின் கோளாறு என்றார்களாம் டாக்டர்கள். கால் தப்பியது. இடது தோள் தப்பவில்லை. அப்பா அதன்பின் குளிக்கப் போகவில்லை, ஐஸ் கம்பெனியில் காவலுக்குப் போனார். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது ஒரு கம்பெனியில் குழாய் வரைபடங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாத தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். “மேடத்துக்கு அலகுப் பேய் பிடிச்சிருக்கு” என்று கூட வேலை செய்கிற பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போன மாதம் வீட்டில் துணிக்கொடி கட்ட அப்பா கயிற்றை அளந்தார். வலது கை முழுசாக விரிந்தது. இடது கை பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“எப்பா, அன்னைக்கு அந்தக் கயித்த நான்தான்...”

“தெரியும்ளா. நீ துணிய அவுத்துட்ட. ஆனா ஈரத்துல சேலைச் சாயம் எறங்கி, வெள்ளக் கயித்துல பன்னெண்டு எடத்துல செவப்பா ஒட்டிக் கெடந்துச்சு. அண்ணாச்சி கோல வாங்கி வச்சுப் பாத்தேன். ரெண்டு ரெண்டு மீட்டர், சுத்தமா இருந்துச்சு. கணக்கு சரிதான், ஆளுதான் கட்டை.”

“ஏம்ப்பா சொல்லல?”

“சொன்னா நீ அப்புறம் கணக்கே போட மாட்டேன்னு பயந்துட்டேன்.”

இன்று வல்லங்களில் ஆழத்தை மீட்டரில் காட்டும் கருவி வந்துவிட்டது. துணி கட்டிய கயிற்றை எங்கும் காணோம். அப்பாவின் பாகமோ அந்த ஒரே நாளில் போய்விட்டது. கொடிக்கயிற்றின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, மறுநுனியை நான் பிடித்துக்கொண்டு டேப்பை விரித்தேன். “எத்தன?” என்று கேட்டார். “மூணு மீட்டர்” என்றேன். சொல்லிவிட்டு, பயத்தில் இன்னொரு தடவை அளந்தேன்.