டாக்டர் வண்டிக்கு வந்த காய்ச்சல்

போடியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் வந்த முதல் மோட்டார் சைக்கிள், தானாக ஓடி வரவில்லை. ஏலக்காய் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே மல்லாக்கப் படுத்துக்கொண்டு வந்தது. பக்கத்து மூட்டைமேல் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்து, வண்டியைச் செய்தவன், விற்றவன், ரோடு போட்டவன் எல்லாரையும் இங்கிலீஷில் திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு டாக்டர். வீடு போடியில், ஆஸ்பத்திரி மலைமேல் ஏலத்தோட்டத்தில். வாரம் மூன்று நாள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குவார். பெயர் வேண்டாம். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அவருடைய கோபமேதான்.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. நான் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். வயது இருபத்தெட்டு, தலைக்கனம் அதற்கு இரண்டு மடங்கு. முதலாளி ராயப்பண்ணன் லாரி ஓட்டிச் சேர்த்த காசில் ஒர்க்‌ஷாப் போட்டவர். எந்த ரிப்பேருக்கும் அவரிடம் இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று சின்னச் சுத்தியல், இன்னொன்று பெரிய சுத்தியல்.

வண்டி முந்நூற்றைம்பது சி.சி. சீமை வண்டி. மெட்டு ஏறும்போது ஒன்பதாவது வளைவில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. நான் பிளக்கைக் கழற்றினேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

"கார்புரேட்டர்ல யாரு சார் கை வச்சது?"

"நான்தான். ஏன்?"

"பெட்ரோல் பத்தாம ஓடிருக்கு. பிளக்கு வெளுத்துப் போயிருக்கு பாருங்க."

"வெளுத்துப் போகலை, மிஸ்டர். சுத்தமா இருக்கு. முன்னாடி இது எப்படி இருந்துச்சு தெரியுமா? பீடி குடிக்கிறவன் நுரையீரல் மாதிரி. நான்தான் ஊசியை எறக்கி, சின்ன ஜெட் போட்டு, வைத்தியம் பண்ணேன்."

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கால கார்புரேட்டரில் பென்சில் மாதிரி நுனி கூர்ந்த ஓர் ஊசி தொங்கும். ஊசியின் தலைப்பக்கம் அஞ்சு காடி, அதாவது வெட்டுப் பள்ளம், இருக்கும். ஊசியை ஒரு காடி ஏத்தினால் பெட்ரோல் கூடும், எறக்கினால் குறையும். அடியில் பெட்ரோல் வருகிற துளையுள்ள திருகுதான் ஜெட்; துளை பெரிதானால் பெட்ரோல் கூடும். பெட்ரோல் குறைந்தால் மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் என்ஜின் கொதிக்கும், டக் டக்கென்று தட்டும், கடைசியில் பிஸ்டன் வீங்கிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கூடுதலாகப் போகிற பெட்ரோல்தான் உள்ளே போய்ச் சூட்டை ஆற்றுகிறது. பிளக் வெள்ளையாகவும் இருக்கக்கூடாது, கரியாகவும் இருக்கக்கூடாது. பக்குவமாக வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கவேண்டும்.

இதைத்தான் அவரிடமும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"பெட்ரோலை ஊத்தி நெருப்பை ஆத்தப் போறியா? ராயப்பன், இந்த ஆளை எங்க பிடிச்சீங்க?"

ராயப்பண்ணன் என் காலை மிதித்தார். "சார் சொல்றபடி செய்யி மாப்ளே. வண்டி அவரோடது."

நாலு நாள் வேலை. பிஸ்டனைத் தேய்த்து, ரிங் மாற்றி, எல்லாம் பூட்டினேன். கடைசி நாள் ராயப்பண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஊசியை மூணு காடி ஏத்தி, கம்பெனி அளவைவிடப் பெரிய ஜெட்டையும் போட்டேன். ஒரு காடி போதும் என்று உள்ளுக்குள் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. மலையடிவாரத்து முந்தல் வரை ஓட்டிப் பார்த்தேன். மத்தியான வெயிலில்கூட வண்டி வெண்ணெய் மாதிரி போனது.

டாக்டர் வந்து கேட்டார். "நான் சொன்னபடிதான பண்ணிருக்க?"

"அச்சு அசலா நீங்க சொன்னபடிதான் சார்" என்றேன்.

உடல் போடிமெட்டில் இருக்கிறது

மறுநாள் பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கிய லாரி டிரைவர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார். மருந்து எழுதிக் கொடுக்கிற சீட்டு. ராயப்பண்ணன் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"நோயாளி இன்று காலை இறந்தார். உடல் போடிமெட்டில் இருக்கிறது. கொன்றவர் நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும்."

ராயப்பண்ணன் சீட்டை மடித்து என் பையில் வைத்தார். "என்னடா செஞ்ச?"

சொன்னேன்.

"சேந்து அஞ்சு நாளு ஆகல, என் சோலியையும் சேத்து முடிச்சுட்டியே அப்பு. வெரசா கெளம்பு. வண்டியோட வா. வண்டி இல்லேன்னா அப்படியே கேரளத்துப் பக்கம் போயிரு."

மலைக்குப் போகிற லாரி ஒன்றில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏறினேன். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. பாதி மலையில் லாரியே கறுப்பாகப் புகை கக்கியது. "மேல வந்தா இதுக்கு மூச்சு வாங்கும்ணே" என்றார் டிரைவர், சாதாரணமாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே போகப் போகக் காற்று லேசாகிவிடும். பெட்ரோல் மட்டும் கீழே இருந்த அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். கீழேயே கூடுதலாக வைத்த வண்டி மெட்டில் பெட்ரோலில் மூழ்கித்தான் சாகும். பட்டாளத்தில் நான் பார்த்த வண்டியெல்லாம் பலகை மாதிரி சமமான தரையில் ஓடியவை. மலை எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு லாரி டிரைவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

போடிமெட்டில் டீக்கடை வாசலில் வண்டி நின்றது. டீக்கடைக்காரர் மலையாளி. என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "நீயாணோ மெக்கானிக்? ஓடிக்கோ" என்றார்.

ஓட முடியவில்லை. டாக்டர் பெஞ்சில் இருந்தார். தானே பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். கோட்டு, கை, மூக்கு நுனி எல்லாம் கரி.

"நான் சொன்னபடிதான் பண்ணேன்னு சொன்ன."

"இல்ல சார். ஊசிய மூணு காடி ஏத்தினேன். ஜெட்டையும் மாத்தினேன். பொய் சொன்னேன்."

நான் மழுப்புவேன் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு, வைத்திருந்த வசவு எல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது.

"எதுக்கு?"

"கீழ சூடு ஏறக்கூடாதுன்னு. மேல வந்தா காத்து லேசாயிரும்னு யோசிக்கல."

"அப்ப நீ ஒரு முட்டாள்."

"ஆமா சார்."

"நானும்தான்னு சொல்ல வர்ற?"

"நான் எதும் சொல்லல சார்."

அட்டை

அந்தச் சமயத்தில், டாக்டரை இன்னும் காணோமே என்று தேடி, தோட்டத்து ஆள் ஒருவர் ரோட்டில் ஓடி வந்தார். டாக்டரைப் பார்த்ததும் முட்டியில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கினார்.

"சார், கங்காணி ரத்தம் ரத்தமாத் துப்புறாரு. மூச்சு விட முடியல."

"எப்ப இருந்து?"

"ரெண்டு நாளாத் தொண்டையில என்னமோ இருக்குன்னாரு. இன்னைக்குத்தான் இப்படி."

"ஓடையில தண்ணி குடிச்சானா?"

"மண்டிபோட்டு வாய வச்சுக் குடிச்சாரு சார், ஞாயித்துக்கெழம."

டாக்டர் எழுந்துவிட்டார். "அட்டை. தண்ணியோட உள்ள போய்த் தொண்டையில ஒட்டிக்கிட்டிருக்கு. ரத்தம் குடிச்சு ஊதுச்சுன்னா மூச்சை அடைச்சிரும். மெக்கானிக், எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு?"

தோட்டம் ஆறு மைல். ஏற்றமும் இறக்கமும். அந்த நேரத்தில் ஜீப்பு ஒன்றும் இல்லை, நான் வந்த லாரியும் போய்விட்டது.

ஊசியை இரண்டு காடி எறக்கினேன். கம்பெனி அளவு ஜெட் ஒன்றை, எதற்கும் இருக்கட்டும் என்று, லாரி கிளம்பும் முன்பே பையில் போட்டு வந்திருந்தேன். அதை மாட்டினேன். பிளக்கின் கரியைச் சுரண்டி, பெட்ரோலில் நனைத்து, தீக்குச்சி கிழித்துக் காயவைத்தேன். அவசரத்தில் ஜெட் ஒரு தடவை மண்ணில் விழுந்தது. டாக்டர் குனிந்து எடுத்து, ஊதி, தன் கோட்டில் துடைத்துக் கொடுத்தார். மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது.

"நீயே ஓட்டு" என்று பையோடு பின்னால் ஏறிக்கொண்டார்.

அந்த வண்டிகளில் கைப்பிடியிலேயே ஒரு ஏர் லிவர் உண்டு. அதைக் குறுக்கினால் காற்று குறைந்து, பெட்ரோல் பங்கு கூடும். டாக்டர் வண்டி வாங்கிய நாள் முதல் அதைத் தொட்டதே இல்லை. நீண்ட ஒரு ஏற்றத்தில் இரண்டு பேர் பாரத்துக்கு என்ஜின் தட்டத் தொடங்கியது. லிவரைக் கால்வாசி குறுக்கினேன். தட்டல் அடங்கியது.

பின்னாலிருந்து குரல் வந்தது. "என்ன பண்ண?"

"காத்தக் கொறச்சேன் சார். ஏத்தம் முடிஞ்சதும் திருப்பி வச்சிருவேன்."

"அதாவது ஆளைப் பாத்து டோஸை மாத்துற."

"ஆமா சார்."

"இதை முதல் நாளே இப்படிச் சொல்லிருக்கலாம்."

ஏலக்காய் உலர்த்துகிற கொட்டகை வாசலில் கங்காணி மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். அவர் குரல் கேட்டால் எதிர் மலையில் இருக்கிற ஆளும் குனிந்து வேலை பார்ப்பான் என்பார்கள். இப்போது உதடு நீலம் பாய்ந்து, மூச்சு விசில் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டரின் டார்ச் ஈரத்தில் எரியவில்லை.

"வெளிச்சம் கொண்டா!" என்று கத்தினார்.

வண்டிக் கண்ணாடியைக் கழற்றி எடுத்துவந்து, வெயிலைப் பிடித்து கங்காணியின் வாய்க்குள் அடித்தேன். உப்புத் தண்ணீரைக் கொப்பளிக்க வைத்தார் டாக்டர். உள்ளே கறுப்பாக ஒரு வால் நெளிந்தது. இடுக்கி இரண்டு தடவை வழுக்கியது. வெளிச்சம் விலகியபோது, "ஆடாத" என்றார், மெதுவாக. மூன்றாவது தடவை பிடித்து, இழுக்காமல், அது தானாக விடும்வரை காத்திருந்து எடுத்தார். சுண்டுவிரல் பருமன். தரையில் விழுந்து சுருண்டது.

கங்காணி ஒரு மூச்சு இழுத்தார். இன்னொன்று இழுத்தார். சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார்.

"என்னடா வேடிக்கை? கூடையத் தூக்குங்கடா!"

"பிழைச்சிட்டான்" என்றார் டாக்டர்.

திரும்புகிற வழியில் மெட்டில் நிறுத்தச் சொன்னார். பிளக்கைத் தானே கழற்றி நெடுநேரம் பார்த்தார். காப்பிக்கொட்டை நிறம்.

"எனக்கு இப்பவும் வெள்ளைதான் பிடிக்குது" என்றார். பிறகு, "நீ முன்னாடியே கேட்டிருந்தா ஊசியை ஏத்த நான் விட்டிருப்பேனா?"

"விட்டிருக்க மாட்டீங்க."

"அப்ப சொல்லாம செஞ்சதுதான சரி?"

"நடுவழியில நின்னது நீங்க சார். நான் நிக்கல."

அவர் பிளக்கைத் தானே பூட்டினார்.

இளையவர்களுக்கு இரண்டு விஷயம். மலை ஏறுகிற வண்டியை மலையில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். இது தொழில். இன்னொன்று, எதில் கை வைத்தாலும் வண்டிக்காரனிடம் சொல்லிவிடவேண்டும். அவன் கத்தினால் கத்தட்டும்.

அடுத்த வாரம் டாக்டர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். பெட்ரோல் கூடக் குடிக்கிறது, ஊசியை ஒரு காடி எறக்கு என்றார். எறக்கமாட்டேன் என்றேன், முகத்துக்கு நேராக. ராயப்பண்ணன் ஏதோ சாமான் தேடுகிறவர் மாதிரி உள்ளே போய்விட்டார். டாக்டர் கத்தினார். நானும் கத்தினேன். எதிரே பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். ஊசி இருந்த காடியிலேயே இருந்தது.

அந்தச் சண்டையை நான் முதல் நாளே போட்டிருக்கவேண்டும்.