ஒடுக்கு விழுந்த டம்ளர்

என் சமையலுக்கு அளவு ஒரு எவர்சில்வர் டம்ளர். மொட்டை மாடியிலிருந்து விழுந்து ஒரு பக்கம் நன்றாக ஒடுக்கு விழுந்தது. கட்டைவிரல் அதில் வசதியாகப் படுத்துக்கொள்ளும். அரிசி உப்புமா என்றால் ரவை மூன்று டம்ளர், தண்ணீர் ஒரு சொம்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, லால்குடியிலேர்ந்து மாமியார் வந்திருக்காங்க. எங்கம்மா உப்புமா மாதிரி யாருக்கும் வராதுன்னு அத்தைகிட்ட வாயை விட்டுட்டேன். நாளைக்குக் காலையில செஞ்சு காட்டணும். அளவு சொல்லு."

சொன்னேன்.

"எந்த டம்ளர்? கிராம்ல சொல்லும்மா. இங்க எடை மெஷின் இருக்கு."

சொம்பு அவளிடம் உண்டு. சீரில் கொடுத்தேன், ஜோடியில் ஒன்று. டம்ளருக்கு ஜோடி இல்லை.

வீட்டுக்காரர் லேத் பட்டறையில் இருந்தவர். "நான் கடையில நிறுத்துட்டு வரேன்" என்று டம்ளரையும் ரவையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வந்ததும் அவரே மகளுக்குப் போன் போட்டார். "மூணு டம்ளர் நானூத்தி இருபது கிராம்மா." டம்ளரை அலமாரியில் கவிழ்த்து வைத்தார். முகத்தில் ஒரு பெருமை. ஏனென்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை மகள் போன். குரல் ரகசியமாக வந்தது.

"அம்மா, உப்புமா கல்லு."

"தண்ணி?"

"நம்ம சொம்புதான். ரவை அப்பா சொன்ன கிராம்தான்."

"அத்தை என்ன சொன்னாங்க?"

"எங்க சொல்றது? முதல் வாயிலயே பல் செட் கழண்டுக்கிச்சு. ரூம்ல போய் உக்காந்திருக்காங்க."

டம்ளரை எடுத்துப் பார்த்தேன். புதிது மாதிரி இருந்தது. ஒடுக்கைக் காணோம்.

"கடையில நாலு பேர் நிப்பாங்க," என்றார் வீட்டுக்காரர். "நசுங்கின டம்ளரோட எப்படிப் போறது? போற வழியில பட்டறையில தட்டி எடுத்தேன். நிறுத்தது சரிதான்."

"நிறுத்தது சரிங்க. தட்டினது?"

சுத்தியை எடுத்து வந்தார்.

ஒடுக்கு இருந்தபோது சொம்பு நிரம்ப ஏழு டம்ளர் ஊற்ற வேண்டும். இப்போது ஆறாவதிலேயே வழிந்தது. ஒரு தட்டு தட்டுவார், நான் ஊற்றுவேன். மறுபடி தட்டுவார். சமையலறை முழுக்கத் தண்ணீர். கடைசியில் ஏழு சரியாக நின்றது.

"இப்ப கடைக்குப் போங்க."

"இதோடயா?"

"இதோடதான். பையில வேண்டாம், கையில."

போனார். வந்தார். முகம் சரியில்லை.

"நேத்து நல்லா இருந்துச்சே, வீட்ல சண்டையான்னு கடைக்காரன் கேக்கறான்."

"எவ்வளவு நிறுத்துச்சு?"

"முந்நூத்தி முப்பது."

மகளுக்குச் சொன்னேன். பழையதை அழித்துவிட்டு இதை எழுதிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, பொலபொலன்னு வந்துச்சு. அத்தை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க."

"நல்லது."

"அதுக்கப்புறம் பேச ஆரம்பிச்சாங்க. மதியம் ஆச்சு, இன்னும் நிறுத்தல." கொஞ்சம் இழுத்தாள். "முதல்ல அப்பா சொன்னாரே, அந்தக் கணக்கு எவ்வளவும்மா?"

"நானூத்தி இருபது," என்றேன்.