மூணு இஞ்சு

என் அத்தைக்குக் கழித்தல் கணக்கு வராது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை, அய்யாவின் தங்கை. இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இரண்டு கால்களும் சூம்பிப் போயிருந்தன. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள்தான் அவளுக்குக் கால். தெருவில் பாதிப் பேரின் ரவிக்கை அவள் தைத்தது. அளவு ஒரு நூல்கூடப் பிசகாது. எங்கள் தெருவுக்கும் கடைவீதிக்கும் நடுவே ஊர்த் தண்ணீரெல்லாம் சேர்ந்து கடலுக்குப் போகும் ஓடை ஒன்று உண்டு. அதன் குறுக்கே இரண்டு பனந்தடிகள் கிடந்தன. மற்றவர்கள் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு அதில் நடப்பார்கள். அத்தையை அய்யா தூக்கிக்கொண்டு போவார்; வண்டியை இரண்டு பேர் பின்னால் சுமந்து வருவார்கள். அக்கரை போய்ச் சேரும்வரை அவள் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள்.

கடைவீதித் தையல்கடையில் அவளுக்கென்று ஒரு கை மெஷின் காத்திருந்தது. தினமும் ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அய்யாவோ விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விடுவார். அதனால், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று ஓடையில் சிமென்ட் பாலம் கட்ட ஆரம்பித்தபோது, ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அத்தைதான்.

பாலம் முடிந்தது. பனந்தடிகளை எடுத்துவிட்டார்கள். உப்பு டெம்போ எதுவும் புகுந்துவிடக் கூடாதென்று எங்கள் பக்கத்து முனையில் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டார்கள். தன் வண்டி நுழையாது, குழாயை எடுங்கள் என்று அத்தை மனு எழுதிக் கொடுத்தாள். திறப்பு விழா முடியட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தது.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனாள். இஞ்சு டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். குழாய்களுக்கு நடுவே முப்பத்தொன்று. வண்டியின் பின்பக்கத்தையும் அளந்தோம். முப்பத்துநாலு. இரண்டையும் என் சிலேட்டில் எழுதச் சொல்லி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அழித்தாள்.

மறுநாள் மைக்செட், ரோஸ் ரிப்பன், ஏகக் கூட்டம். பாலத்தைத் திறந்துவைக்க வந்த ஆபீசர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்த நேரத்தில் அத்தை வண்டியை விட்டாள். “அத்தே, மூணு இஞ்சு பத்தாது! மூணு இஞ்சு!” என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னும் வேகமாகச் சுற்றினாள்.

ரிப்பன் அறுந்து அவள் கழுத்தில் தொங்கியது. மட்கார்டுகள் நசுங்கி, வண்டி குழாய்களுக்கு நடுவே இறுகி நின்றது.

“நாலு பேரு தூக்கி அந்தப் பக்கம் வச்சிருங்கய்யா” என்றார் ஆபீசர்.

“தூக்குறதுக்கு எதுக்கு சார் பாலம்?” என்றாள் அத்தை. “அதுக்குத்தான் பனந்தடி கெடந்துச்சே!”

“இது சைக்கிளுக்குப் போட்ட பாலம்மா.”

“இது மட்டும் என்ன கப்பலா? இதுவும் சைக்கிளுதான். ஒரு சக்கரம் கூட இருக்கு, அம்புட்டுத்தான்.”

அன்று வேலைக்குப் போகாமல் நின்ற அய்யா கெஞ்சினார். “வா தாயி, நான் தூக்கிக்கிறேன்.”

“கிட்ட வந்தா கடிச்சு வச்சிருவேண்ணே. இன்னைக்கி என்னைய யாரும் தூக்கக் கூடாது.”

இரண்டு கைகளாலும் இரண்டு குழாய்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மீன்கூடைகளும் சைக்கிள்களும் பின்னால் சேர்ந்துகொண்டே போயின. ஆபீசர் எங்கள் கரையில் மாட்டிக்கொள்ள, அவர் ஜீப் அக்கரையில் நின்றது. வெயில் ஏறியது. கடைசியில் அவரே அக்கரையில் நின்றவர்களுக்குக் குரல் கொடுத்து, கடைவீதியிலிருந்து இரும்பு ரம்பத்தோடு ஒருவரை வரவழைத்தார். ஒரு குழாய் அடியோடு அறுபட்டு ஓடையில் விழுந்தது. அத்தை ரிப்பனைக் கழற்றாமலே பாலத்தைக் கடந்தாள். கூட்டம் கைதட்டியது. நானோ கூச்சத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

அத்தை இன்னொரு தடவை இப்படி ஊர் முன்னால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, அன்று சாயங்காலமே சிலேட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். முப்பத்துநாலில் முப்பத்தொன்று போனால் எவ்வளவு என்று கேட்டேன். மட்கார்டைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்த அத்தை சுத்தியலைக் கீழே வைத்தாள். விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள்.

“நாலா புள்ள?” என்றாள்.

எனக்கு அவளைப் பார்க்க ரொம்பப் பாவமாக இருந்தது. முதலிலிருந்து மறுபடி சொல்லிக்கொடுத்தேன்.