வண்டிக்குள் ஒரு கீச்சுச் சத்தம்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் நான்தான். எங்கள் பிக்கப் வண்டிக்குள் ஒரு கோழிக்குஞ்சு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவளும் நான்தான். இரண்டில் முதலாவது உண்மை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கம்பத்துக்கு வெளியே, திராட்சைப் பந்தல்களை ஒட்டியிருந்தது எங்கள் வீடு. எங்கள் ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். என் அத்தா வெகுகாலம் லாரி ஓட்டிவிட்டு, கடைசியில் பழைய பிக்கப் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, தோட்டங்களில் திராட்சைப் பெட்டிகளை ஏற்றிக் குமுளி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன். திராட்சை வாசனையும் டீசல் வாசனையும் கலந்த அந்த சீட்டை நான் என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

வண்டி மெதுவாக நகரத் தொடங்கும்போது கீச்... கீச்... கீச் என்று கேட்கும். வேகம் கூடக்கூட அதுவும் அவசரப்பட்டுக் கத்தும். பிறகு எஞ்சின் இரைச்சலில் அமுங்கிப்போகும். அந்த வாரம்தான் எங்கள் கோழி பொரித்த குஞ்சுகளில் ஒன்றைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தோம். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"அத்தா, வண்டிக்குள்ள கோழிக்குஞ்சு கெடக்கு. நிப்பாட்டுங்கத்தா!"

அத்தா ஓரமாக நிறுத்தினார். என் பிடிவாதம் தாங்காமல் புளியமரத்தடியில் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். வண்டி நின்றதும் குஞ்சும் வாயை மூடிக்கொண்டதுதான் எனக்கு ஆத்திரம். பெட்டிக்கடியில் இல்லை, சீட்டுக்கடியில் இல்லை, பானெட்டுக்குள்ளும் இல்லை.

"எந்தக் குஞ்சும்மா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

அத்தா வேண்டுமென்றே என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர்தான். நாம் வாங்கிவைத்த மிட்டாயை நம் கண்ணெதிரே தின்றுவிட்டு, எந்த மிட்டாய் என்று கேட்பார்.

ஆனால் சத்தம் கேட்டது எனக்கு மட்டுமல்ல. மார்க்கெட்டில் பெட்டி இறக்குகிறவர்கள் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். என் மாமாவும் கேட்டார். மாமா, அம்மாவின் தம்பி. கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். செல்போனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி அவருக்கு உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு.

"மச்சான், இது பேன் பெல்ட்டுதான். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

கண்ணைத் திறந்துகொண்டே பெல்ட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கத்தியது. பெல்ட்டையே மாற்றினார்கள். அப்போதும் கத்தியது. பிறகு மாமாவுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன இறக்கம். அங்கே எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டார்கள். எஞ்சின் செத்துக் கிடக்க, குஞ்சு மட்டும் உயிரோடு கத்தியது.

"அப்ப எஞ்சின் இல்ல. சக்கரம், இல்லாட்டி சக்கரத்தச் சுத்தவைக்கிற சாமான் எதாவது" என்றார் மாமா.

சக்கரங்களைக் கழற்றி பிரேக்கைத் துடைத்து மாட்டினார்கள். பலனில்லை. இத்தனையும் நடக்கும்போது அத்தா ஒரு பக்கமாக நின்று வேடிக்கை பார்த்தார். "எஞ்சின் லேசா இருமினாலே எனக்குத் தெரியும்டா. டிரைவர் காது. வண்டில ஒண்ணுமே இல்ல" என்பார். அது வெறும் பெருமையும் இல்லை. வண்டி பாரத்தில் திணறுவதை ஸ்டியரிங் நடுக்கத்திலேயே கண்டுபிடித்து கியரை மாற்றுகிறவர் அவர்.

உத்தமபாளையம் போகும் வழியில் அத்தாவுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். ராயப்பன்பட்டிக்காரர். மாமாவின் தொல்லை பொறுக்காமல் வண்டியை அங்கே கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தபோது குஞ்சு மூச்சு விடவில்லை. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தார், ஓரமாக நிறுத்தி ஆட்டிப் பார்த்தார். "ராவுத்தரே, வண்டி பூ மாதிரி ஓடுது. ஊட்டுல சும்மா இருக்க முடியலயாக்கும்?" என்றார். அடுத்த வாரமும் போனார்கள். அடுத்த வாரமும் அதே கதை. திரும்பி வரும் வழியில், பாதித் தூரத்தில், மறுபடியும் கீச்சென்று ஆரம்பித்தது. மாமாவுக்கு அழாத குறை. அத்தாவோ ஜெயித்த முகத்தோடு ஓட்டிக்கொண்டு வந்தார்.

ஜெயித்தவரை விட்டுவிட மாமாவுக்கு மனமில்லை. ஒருநாள் வண்டி உருளும்போது தன் செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டார். பள்ளிக்கூடம் லீவான ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து, சாப்பாடும் ஆன பிறகு, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கையில் போனை அத்தாவிடம் நீட்டினார்.

"இப்ப என்ன சொல்லுறீகன்னு பாப்போம் மச்சான்."

அத்தா போனை வலது காதில் வைத்து அழுத்தினார். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது காதுக்கு மாற்றினார்.

"கொர்ருன்னு ரோட்டுச் சத்தம்தான் கேக்குது. வேற ஒண்ணும் இல்லியே."

"என்ன மச்சான் இது! இம்புட்டுத் தெளிவாக் கேக்குது."

அடுப்படியிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார். காதில் வைத்தார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நான் நின்ற இடத்துக்கே கீச் கீச் என்று வெளியே வழிந்தது. அம்மா அதைக் கேட்டபடியே அத்தாவின் முகத்தைப் பார்த்தார். அத்தா சிரித்தார். மிட்டாயைத் தின்றுவிட்டுச் சிரிக்கும் சிரிப்பு இல்லை அது. பதில் தெரியாமல் வாத்தியார் முன்னால் நிற்கும்போது எங்கள் வகுப்புப் பையன்கள் சிரிக்கும் சிரிப்பு.

"ஆமா, ஒண்ணும் சரியா விழலையே" என்றார் அம்மா. "ஓஞ் செல்லுலதான்டா கோளாறு."

செல்போன் கடைக்காரரிடம் இதைவிடப் பெரிய வசவு இல்லை. மாமா முகம் சிவந்து எழுந்தார். எனக்கும் பொறுக்கவில்லை.

"பொய்! எனக்கு இங்கன நிக்கும்போதே கேக்குது!"

"நீ போயி வெங்காயத்த உரி. பெரியவுக பேசுற எடத்துல என்ன வாயி?" என்று அம்மா என்னை விரட்டினார்.

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு நன்றாக அழுதேன். அம்மா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதுவும் இவ்வளவு தெரிந்தே, இவ்வளவு அமைதியாக.

மறுநாள் காலையில் அம்மா புர்காவை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். அத்தாவுக்கே ஆச்சரியம். உத்தமபாளையத்தில் ஒரு சொந்தக்காரப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்க வேண்டும் என்றார். நடுவில் அம்மா, ஜன்னலோரம் நான். ஓரிடத்தில் வாய்க்கால் நிரம்பி, வயலுக்குப் போகிற தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. அத்தாவுக்கு அது பிடித்தமான இடம். வேகமாக ஓட்டி இரண்டு பக்கமும் தண்ணீரைச் சிறகு மாதிரி விரித்துக்காட்டுவார். அன்றும் விரித்தார். அதைத் தாண்டியதும் குஞ்சு அடங்கிவிட்டது. அம்மா தலையைச் சாய்த்துக் கவனித்தார். குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் தண்ணீரில் இறங்கி ஏறினோம். கம்பம் வருவதற்குள், காய்ந்த ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு, கீச்... கீச்.

சாயங்காலம் மாமாவைக் கூப்பிட்டு அம்மா தணிந்த குரலில் சொன்னார்: "தண்ணி பட்டா வாய மூடிக்குதுடா. காஞ்சா கத்துது. எந் தையல் மிஷினு எண்ணெய் இல்லாட்டி இப்படித்தான் கத்தும். உள்ள ஏதோ ஒண்ணு வறண்டு கெடக்கு. மெக்கானிக்கு ஷெட்டுக்கு முன்னாடி அந்த வாய்க்கா இருக்குல்ல? அதான் அங்கன போனா சத்தத்தக் காணோம். சுத்துப் பாதையில கொண்டு போங்க."

அத்தாவிடம் வேறு மாதிரி சொன்னார். "இந்தப் பய நச்சரிப்பு தாங்கலைங்க. ஒரே ஒரு தடவ அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டுப் போயிட்டு வந்துருவோம்."

தண்ணீர் படாத சுற்றுப்பாதையில் போனோம். ஷெட் வாசலில் வண்டி மெதுவாகத் திரும்பும்போது அங்கிருந்த எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மெக்கானிக் கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார்.

"நிப்பாட்டாதீக ராவுத்தரே! அப்படியே உருட்டுங்க, மெதுவா, மெதுவா!"

குனிந்தபடி வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். பிறகு அடியில் படுத்து உள்ளே போனார். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்கு நீளமாக ஒரு ஷாப்ட் போகிறது. அதன் முனையில் சிலுவை வடிவத்தில் ஒரு இணைப்பு. அதைக் கழற்றி எடுத்துவந்து வெளிச்சத்தில் காட்டினார். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி போலத் துரு உதிர்ந்தது.

"நல்ல வேள ராவுத்தரே. இப்படியே இன்னும் கொஞ்ச நாளு பாரத்தோட மலையேறியிருந்தா, ஷாப்ட் கழண்டு ரோட்டுல குத்தி வண்டியவே தூக்கி எறிஞ்சிருக்கும். வளைவுல வச்சு அப்படி ஆச்சுன்னா... பிள்ளய வேற கூட்டிக்கிட்டுப் போறீக."

அத்தா அந்தப் பொடியை உள்ளங்கையில் வாங்கி, விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரொம்ப நாளாவே கத்துச்சாம்மா?"

"ஆமாத்தா. நல்லாவே கத்துச்சு."

"அப்படி ஒண்ணும் பெரிசாக் கத்தல" என்றார் அம்மா குறுக்கே புகுந்து. "மெல்லிசாத்தான். எனக்கே சில நேரம் கேட்டுச்சு, சில நேரம் கேக்கல."

இது இரண்டாவது பொய். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. மாமாவின் அபிப்பிராயம் கடைசியில் நிரூபணமாகிவிட்ட நாளில், அவர் சும்மா ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புது இணைப்பை மாட்டி, கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள். திரும்பும்போது அத்தா சொன்னார், "இப்பப் பாரு, சத்தமே இல்ல."

"ஆமாங்க, இல்ல" என்றார் அம்மா.

வண்டி சரியாகிவிட்டது. ஆனால் அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை. அடுத்த லோடுக்கும் வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார். குமுளியில் மிளகு நன்றாக இருக்கிறது என்று ஒருநாள், வீட்டில் புழுக்கமாக இருக்கிறது என்று ஒருநாள். மலைப்பாதையில் முதல் வளைவு வருவதற்குள் அம்மாவுக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வர உட்கார்ந்திருப்பார். தையல் வேலைகள் தேங்கின. எதிர்வீட்டில், இந்த வயதில் என்ன புதுசாக ஜோடி போட்டுக்கொண்டு சுற்றுகிறார்கள் என்று சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

நான் கல்லூரி முடித்த பிறகு, அத்தாவைத் தேனியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கிரீச்சென்ற மெல்லிய சத்தங்கள்தான் முதலில் காதைவிட்டுப் போகும், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு அது சகஜம், மற்றவர்களுக்குத் தெரியவே வெகுகாலம் ஆகும் என்று அவர் விளக்கினார். எப்போதிலிருந்து என்று கேட்டார். "இப்பத்தான், கொஞ்ச நாளா" என்றார் அத்தா. பக்கத்தில் இருந்த அம்மா, "ஆமா டாக்டர், கொஞ்ச நாளாத்தான்" என்றார். அந்த அறையில்தான் எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் விளங்கின.

ஐந்தாம் வகுப்பில் விளங்கவில்லை. குமுளி மலை ஏறும்போது அம்மாவின் வலது கை எப்போதும் அத்தாவின் முழங்காலில் இருக்கும். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் அந்தக் கை லேசாக ஒரு தட்டுத் தட்டும். அத்தா ஒதுங்கி வழிவிடுவார். வளைவுக்கு அந்தப் பக்கம் எதுவோ ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கினால் கை இறுக்கிப் பிடிக்கும். வண்டி நிதானமாகும். இருவரும் அதைப்பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. அத்தா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார். பாதை பயத்தில் அம்மா இப்படி அத்தாவைப் பிடித்துக்கொள்கிறார் என்பது என் கண்டுபிடிப்பு.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "இம்புட்டு பயமா இருந்தா எதுக்கும்மா வாரீக? வீட்டுல இருக்க வேண்டியதுதான?"

அம்மா வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"வீட்டுல இருந்தா இன்னும் பயமா இருக்கு."

பயந்தவர்கள் வீட்டில்தானே இருப்பார்கள், இதென்ன பேச்சு என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.