எழுபத்தொன்றாம் டப்பாவும் எழுபத்திரண்டாம் டப்பாவும்

இவாஞ்சலின் டாக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இதை ராஜபாளையத்துக்குப் புரியவைப்பதற்குள் அவளுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேராவது வழிமறிப்பார்கள், முட்டிவலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடு என்று. "நான் எழுதக் கூடாது, நான் மூளையப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்" என்பாள். மூளையையே பார்க்கிறவளுக்கு முட்டியைப் பார்க்கத் தெரியாதா, எல்லாம் படித்த திமிர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

அம்மா ஏசம்மாளின் குறை வேறு. முனைவர் பட்டத்துக்குப் பிறகு மகள் பார்க்கிற 'போஸ்ட் டாக்' ஆராய்ச்சி வேலை இன்னதென்று சொந்தக்காரர்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "பட்டம் வாங்கி ஆறு வருசமாச்சு. இன்னும் படிக்கியா, இல்ல வேலை பாக்கியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு ஏட்டி" என்பாள். ரெண்டும்தான் என்று பதில் சொன்னால், "அப்பம் ரெண்டும் இல்ல" என்று தீர்ப்பு எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். இவாஞ்சலினுக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா சொல்வது முழுப்பொய்யும் இல்லை என்பதுதான் அதில் கொடுமை. வருடத்துக்கொரு முறை யாரோ மனமிரங்கி நீட்டித்தால்தான் அவளுக்கு வேலை. பெங்களூரில் மூன்று வருடம் அப்படிப் போயிற்று. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த ஆய்வு வந்தது. சொந்த ஊருக்குப் பக்கம், பக்கவாதத்துக்குப் புது மருந்து, நல்லபடியாக முடித்தால் இன்னும் இரண்டு வருடம் நிச்சயம் என்றார்கள். ஓடி வந்து சேர்ந்தாள்.

ஆய்வைச் சொல்ல நாலு வரி போதும். பக்கவாதம் வந்து மூன்று நாளுக்குள் ஆளைச் சேர்க்க வேண்டும். தொண்ணூறு நாளைக்கு, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று மாத்திரை. பாதிப் பேருடைய டப்பாவில் மருந்து இருக்கும். மீதிப் பேருடைய டப்பாவில் வெறும் மாவு. எந்த எண்ணுள்ள டப்பாவில் எது என்பது நோயாளிக்கும் தெரியாது, இவாஞ்சலினுக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் சென்னையில் பூட்டிக் கிடக்கும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் அறுபது பேர் பிசகில்லாமல் தொண்ணூறு நாளை முடித்தாக வேண்டும். அறுபது என்றால் அறுபது. ஒன்று குறைந்தாலும் பணம் கொடுக்கிற நிறுவனம் கையை விரித்துவிடும், அவளுடைய வேலையும் அதோடு போய்விடும்.

அறுபது பேரைச் சேர்ப்பதா கஷ்டம்? சேர்ந்தவர்களைப் பிடித்து வைப்பதற்குள்தான் அவள் பாதி ஆளாகிப்போனாள். ஒருவர் இருபதாம் நாள் எண்ணெய் வைத்தியத்துக்குப் போய்விட்டார். ஒருவர் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனவர் டப்பாவை ரயிலிலேயே விட்டுவிட்டார். ஒரு வீட்டில் மருமகள், மாமனாருக்கு மாத்திரை சூடு என்று தானாகவே ஒருவேளையாகக் குறைத்துவிட்டாள். மூன்று பேர் இறந்துபோனார்கள். எழுபத்தைந்து பேரைச் சேர்த்து, விழுந்ததைக் கழித்து, மார்ச் பிறந்தபோது கணக்குக்கு மிகச்சரியாக அறுபது பேர் மிஞ்சியிருந்தார்கள்.

அதில் கடைசி இரண்டு பேர் கூமாப்பட்டிக்காரர்கள். ஒருவர் தவசிமுத்து, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். வலது பக்கம் விழுந்துவிட்டது. நாலு நாள் கழித்து அடுத்த வீட்டுப் பால்ச்சாமி, பம்ப் செட் மோட்டாரைப் போடப் போன இடத்தில் இடது கையும் காலும் இழுத்துக்கொண்டு விழுந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எழுபத்தொன்றாம் டப்பா தவசிமுத்துவுக்கு, எழுபத்திரண்டாம் டப்பா பால்ச்சாமிக்கு. அவர்கள் மனைவிமார் ஜெயபாயும் வெள்ளத்தாயும்தான் ஒப்புதல் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த இரண்டு வீடுகள் இவாஞ்சலினுக்குப் பெருமை. மாதம் ஒருமுறை வத்திராயிருப்பு வழியாக ஸ்கூட்டரில் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணுவாள். அன்றைய காலை வேளைக்காக ஒரு மாத்திரை முன்னே பின்னே இருக்கலாம் என்பது விதி; அதற்கு மேல் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அதைவிடப் பெரிய சந்தோஷம், இரண்டு பேருமே தேறிக்கொண்டு வந்தார்கள். தவசிமுத்து கம்பை ஊன்றி நடந்தார். பால்ச்சாமி இடது கையால் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். எது மருந்து எது மாவு என்று ஊகிப்பதுகூட அவள் தொழிலில் தப்பு. ஆனாலும் அவள் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள், இரண்டு டப்பாவிலும் மருந்துதான் என்று. சென்னையிலிருந்து ஆய்வை நடத்துகிற பேராசிரியர் கௌதம்ராஜிடம், "மத்தவங்களும் கூமாப்பட்டிக்காரங்க மாதிரி இருந்தா எனக்குத் தலைவலியே இல்ல சார்" என்று போனில் சொன்னாள்.

எப்போதும் பதினொரு மணிக்குப் போகிறவள், தொண்ணூறாம் நாள் நெருங்கிய அன்று காலை எட்டு மணிக்கே போய்விட்டாள். பதினொரு மணிக்குப் பேராசிரியர் கணினியில் கூட்டம் வைத்திருந்தார். பிளவக்கல் அணையில் ரீல்ஸ் எடுக்கப் போகிற கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு தவசிமுத்துவின் வீட்டுக்குள் நுழைந்தாள்.

முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் தவசிமுத்து, இன்னொன்றில் பால்ச்சாமி. ஜெயபாய் எழுபத்தொன்றாம் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையைக் கணவர் கையில் வைத்தாள். அதே டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து வெள்ளத்தாயிடம் கொடுத்தாள். வெள்ளத்தாய் அதைப் பால்ச்சாமியின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

"அக்கா... அது யார் டப்பா?" என்றாள் இவாஞ்சலின்.

ஜெயபாய் ஒளிக்கவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை. "வாங்க டாக்டரம்மா, இம்புட்டு வெள்ளன வந்திட்டிய! இது இவிய டப்பாதான். காலைல எங்க டப்பாவுல ரெண்டு பேரும் சாப்பிடுவாவ. சாயங்காலம் அவ வீட்டு டப்பா."

"எப்ப இருந்து?"

"அவ வீட்டுக்கு டப்பா வந்த மொத நாள்ல இருந்தே. நீங்கதான சொன்னிய, ஒரு டப்பாவுல மருந்து இருக்கும், ஒரு டப்பாவுல மாவு இருக்கும், எதுல எதுன்னு ஒங்களுக்கே தெரியாதுன்னு. எம்புட்டு வெளக்கமாச் சொன்னிய! அதக் கேட்ட பொறவு நாங்க எப்பிடிச் சும்மா இருக்க?"

வெள்ளத்தாய் செம்பைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நடந்து, அண்ணாச்சி கெடையில கெடந்தாவன்னா நான் இவ மொகத்துல எப்பிடி முழிக்க? எப்பிடியும் ஒரு டப்பாவுலயாவது மருந்து இருக்கும்லா. ஆளுக்குப் பாதி கெடச்சாலும் போதும்னு பேசி வச்சுக்கிட்டோம்."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீங்க கேக்கலையே தாயி. விடாமச் சாப்பிடுதாவளான்னுதான் கேட்டிய. விடாமத்தான் சாப்பிட்டாவ."

அது உண்மைதான். இரண்டு டப்பாவிலும் நாளுக்கு ஒரே மாதிரி இரண்டிரண்டாகக் குறைந்தால் எண்ணிக்கை எப்படிப் பிசகும்? மற்ற ஆய்வாளர்கள் படிவத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். இவாஞ்சலின் அப்படி இல்லை. நாங்கள் உங்களை ஏமாற்றவில்லை என்று எல்லாருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாலும் சலிக்காமல் சொல்லிப் புரியவைத்தாள். நன்றாகத்தான் புரிந்திருக்கிறது. தன் தலையிலேயே நாலு போடு போட வேண்டும் போல் இருந்தது அவளுக்கு. ஜெயபாய் கொண்டுவந்த காபியைக் குடித்தாள், என்ன ருசி என்றே தெரியவில்லை. வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு காரிலிருந்து இறங்கிய இளவட்டம் ஒருவன், "அக்கா, டேமுக்கு எப்பிடிப் போகணும்?" என்று கேட்டான். கையை மட்டும் காட்டினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வந்து கௌதம்ராஜுக்குப் போன் செய்தாள். அவர் பூராவையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எண்ணிக்கை சரியா இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு சார்."

"வழக்கம்போல பதினொரு மணிக்குப் போயிருந்தா இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காதுதான் சார்."

"என்ன எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே முடிவு பண்ணுங்க." போனை வைத்துவிட்டார்.

இந்த மனுஷர் 'மறைத்துவிடு' என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். பொறுப்பை மட்டும் அவள் தலையில் கட்டிவிட்டு அவர் கை கழுவிக்கொண்டார். இரண்டு நாள் அவள் அந்தப் படிவத்தைத் தொடவில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளுக்கும் வயதாகிறது. அறுபது என்று போட்டால் இரண்டு வருடம் அம்மாவின் வாயை அடைக்கலாம். ஆனால் அந்த அறுபதை நம்பி நாளைக்கு எங்கோ ஒரு டாக்டர், நிஜமாகவே ஊசி போடுகிற டாக்டர், கை விழுந்து கிடக்கிற ஒருவனுக்கு இந்த மருந்தை எழுதுவான். மூன்றாம் நாள் காலையில் 'எழுபத்தொன்றும் எழுபத்திரண்டும் கலந்துவிட்டன, இரண்டையும் நீக்கவும்' என்று எழுதி அனுப்பினாள். எழுதியதில் ஒரு நிம்மதியும் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஐம்பத்தெட்டு. ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு வரியில் கடிதம் வந்தது: இலக்கை எட்டாததால் நீட்டிப்பு இல்லை, உங்கள் உழைப்புக்கு நன்றி. ஏசம்மாள் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "அந்தப் பொம்பளைக ரெண்டும் செஞ்ச தப்புக்கு உன்ன ஏன் தள்ளுதாவ?" என்று கேட்டாள். அம்மா தன் பக்கம் பேசி இவாஞ்சலின் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஜூனில் சென்னையில் பட்டியலைத் திறந்தார்கள். கௌதம்ராஜ் கூப்பிட்டார். மருந்துக்கும் மாவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆள் போதாது, ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் கூமாப்பட்டி டப்பா ரெண்டுமே மாவுதான்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. இரண்டும் ஒன்றேதான் என்றால் கலந்தும் கலக்கவில்லை. நீக்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. அறுபது அறுபதாகவே இருந்திருக்கிறது. "இது முன்னமே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தாள். "முன்னமே தெரியக் கூடாதுங்கிறதுதானே ஆய்வு" என்றார் அவர். அப்புறம், யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று நோயாளிகளிடம் சொல்லிக் கையெழுத்து வாங்குவது விதி, உங்களுக்குத்தான் அவர்களோடு பழக்கம், கொஞ்சம் போய் வர முடியுமா என்று கேட்டார். வேலையை விட்டு அனுப்பியவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று நறுக்கென்று கேட்டிருக்கலாம். "சரி சார்" என்றுதான் அவள் வாயில் வந்தது.

கூமாப்பட்டியில் நாலு பேரும் தவசிமுத்துவின் முன்னறையில்தான் இருந்தார்கள். பால்ச்சாமி பக்கத்து வீட்டிலிருந்து யார் துணையும் இல்லாமல் தானே நடந்து வந்து உட்கார்ந்தார். மாத்திரைக்காகக் காலையில் அவர் இங்கே, சாயங்காலம் தவசிமுத்து அங்கே என்று தினமும் நடந்தே ஆக வேண்டியிருந்த பழக்கம். அதைப் போட அவளுடைய படிவத்தில் கட்டம் எதுவும் கிடையாது.

"ரெண்டு டப்பாவுலயும் மாவுதான் இருந்திருக்குக்கா" என்றாள்.

ஜெயபாய் வெள்ளத்தாயைப் பார்த்தாள். "ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணுலகூட இல்லையா?"

"இல்லக்கா."

கோபப்படுவார்கள், மாவைக் கொடுத்து ஏமாற்றினாயா என்று சண்டைக்கு வருவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். வெள்ளத்தாய் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "அப்பம் சரி. ஒரு டப்பாவுல மட்டும் இருந்திருந்தா, ஒரு மனுசனுக்குப் போக வேண்டிய மருந்துல பாதியப் பிடுங்கித் தின்னுட்டமேன்னு காலம் பூரா உறுத்திருக்கும்."

"கர்த்தர் காப்பாத்துனாரு" என்றாள் ஜெயபாய். "அன்னைக்கு நீங்க மொகம் வாடிப் போனியளே, எங்களுக்குச் சோறே எறங்கல. எங்களால ஒண்ணும் தப்பு நடக்கலைல்லா?"

இவாஞ்சலின் படிவத்தை நீட்டினாள். தவசிமுத்து பேனாவை வலது கையில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, தன் பெயரை முழுசாக எழுதினார். பிறகு அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். அவர் பட்டாளத்து மனிதர். காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை சரிபார்த்தார்.

"ஒண்ணு விட்டுட்டிய தாயி" என்று விரலை வைத்துக் காட்டினார். "ஒங்க பேருக்குக் கீழ 'பதவி'ன்னு போட்டிருக்கு. எழுதல."

"அது அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி."

"காலியா விட்டா ஏத்துக்கிட மாட்டாவளே."

"எழுத ஒண்ணும் இல்ல" என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"ஏன் தாயி, வேலைய விட்டுட்டியளா?" என்று வெள்ளத்தாய் மெல்லக் கேட்டாள்.

"நான் விடலக்கா" என்றாள் இவாஞ்சலின். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் அந்த இரண்டு டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடினாள்.