தானாக உதைத்த கால்

டாக்டர் ஐயாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரப்பர் சுத்தியல் இருக்கும். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலை பார்த்த காலம் அது. அந்தச் சுத்தியலைப் போல என் பொறுமையைச் சோதித்த பொருள் வேறில்லை. எனக்கே பல்லெல்லாம் போய்க் கிழவனாகிவிட்டேன், இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. காலையில் வருவார், நோயாளியின் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு தட்டுவார், கால் உதறுவதைப் பார்த்து, "உம், மேல் நரம்பு" என்பார், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அந்த இரண்டு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்காரர்களிடம் விளக்க வேண்டிய பாவி நான்.

ராதாபுரம் பக்கத்துப் பனையேறி ஒருவர் ஆடி மாதம் மரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு நொறுங்கி வந்து சேர்ந்தார். அடிபட்ட அதிர்ச்சியில் முதலில் இரண்டு காலும் துவண்டு கிடந்தன. அவர் மனைவி கட்டிலுக்கடியில் பாயை விரித்து அங்கேயே குடியிருந்தார். ஐப்பசியில் கால்கள் விறைக்கத் தொடங்கின. கார்த்திகைக்குள் போர்வை பட்டாலே உதைத்தன. உள்ளங்காலைத் தொட்டால் தொடைகள் இரண்டும் நெருக்கிக்கொண்டு கத்தரிபோலப் பின்னின. வேறு ஆட்கள் பார்த்தால் பயந்திருப்பார்கள். பனையேறி வீட்டு அம்மாவுக்கோ வாயெல்லாம் பல். "மரத்தைல்லா பிடிக்காவ! பாத்தியளா ஐயா?" என்று, கால் பழையபடி பனையைக் கவ்வப் பார்ப்பதாக வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்குள் இறங்குவது மேல் நரம்பு. அங்கிருந்து தசைக்குப் போவது கீழ் நரம்பு. கீழ் நரம்பு அறுந்தால் கால் தொளதொளவென்று கிடந்து சூம்பிப்போகும், சுத்தியலுக்கும் அசையாது. மேல் நரம்பு அறுந்தாலோ கால் விறைத்துக்கொண்டு தானாக உதைக்கும். மனுஷன் சொல்வது மட்டும் அதற்குக் கேட்காது.

"ஏம்மா, வண்டிக்காரன் கீழ விழுந்துட்டான். மாடு மட்டும் ஓடுது. அதுக்காக அவன் வண்டி ஓட்டுதான்னு சொல்லுவியா?"

"அதனால என்னய்யா? எங்க ஊரு மாடு, வண்டிக்காரன் தூங்குனாலும் வீடு வந்து சேந்துரும்."

தலையில் அடித்துக்கொண்டேன். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா" என்று டாக்டரிடம் கெஞ்சினேன். "அதான் காலே சொல்லுதே, நான் வேற சொல்லணுமா?" என்று இன்னொரு தட்டு தட்டினார். கால் துள்ளியது. அந்த அம்மா பூரித்துப்போனார்.

எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்றால், தை நெருங்கிக்கொண்டிருந்தது. தை பிறந்ததும் பதநீர் இறக்க ஆள் வராவிட்டால், மரங்களுக்குச் சொந்தக்காரரான மரக்காரர், பனையேறி ஏறிவந்த பனைகளை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். அதோடு அந்த வீட்டு அடுப்பு அணைந்துவிடும். பனையேறியின் தம்பி ஏறத் தயாராக இருந்தார். ஆனால் தம்பி கைக்குப் போன மரம் புருஷன் கைக்குத் திரும்பாது என்று அந்த அம்மாவுக்குப் பயம். சம்மதிக்கவே மாட்டேன் என்றார்.

மார்கழிக் கடைசியில் தம்பி வந்து நின்றார். "மதினி, இன்னும் நாலு நாளுதான் கெடக்கு."

"பொறும் கொழுந்தனாரே. அண்ணன் காலைப் பாத்தேரா?" என்று அந்த அம்மா உள்ளங்காலைத் தொட்டார். தொடைகள் இறுகின. தம்பியும் வாயைப் பிளந்தார். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துக் காலிக் கட்டிலில் கிடந்த மெத்தையை மரம்போல உருட்டிக் கட்டி, பனையேறியின் கால்களுக்கு நடுவே திணித்து, நானே உள்ளங்காலைத் தொட்டேன். கால்கள் மெத்தையை இறுக்கிப் பிடித்தன.

"பிடிச்சாச்சு. இப்ப விடச் சொல்லும்மா. விட்டாத்தானே மேல அடுத்த பிடி?"

பனையேறி பெண்டாட்டிக்கு அதை விளக்க வேண்டியதில்லை. முகம் சுண்டிவிட்டது. "விடுங்க" என்றார் மெதுவாக. புருஷன் தன் கால்களையே உற்றுப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்த்தது. கால்கள் அசையவில்லை. அந்த அம்மா இரண்டு கையாலும் பிரித்தார். பிரித்த கால் திரும்பிப் போய் ஒட்டிக்கொண்டது. தம்பி இன்னொரு காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் மெத்தையை உருவ முடிந்தது.

அந்த அம்மா புருஷனின் வேட்டியைச் சரிசெய்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "மரக்காரர்ட்ட நான் சொல்லுதேன். தையில நீரே ஏறும், கொழுந்தனாரே" என்றார். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். ஜெயித்தவன் நான். சீ, ஏன்தான் செய்தேனோ என்று இருந்தது.

கட்டிலில் கிடந்தவர் மட்டும் இன்னும் தன் காலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "விடுலே. ஏலே, விடுலே."